ஸ்பிரிங்கைத் தேவையான அளவு இறுக்கவும்

குன்னத்தூர் பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல் உயர்ந்தது.

“‘தேவையான அளவு’ன்னு எழுதறதுக்கு இது என்ன சாம்பாருக்கு உப்புங்களாண்ணா?”

திரும்பிப் பார்த்தேன். அவள் பக்கத்தில் இருந்தவர் பனியன் கம்பெனிக்காரர். துணியில் எண்ணெய்க்கறை படாமலிருக்க நிட்டிங் மெஷினுக்கு ஒரு கருவி செய்திருக்கிறாராம். அதற்கு பேட்டன்ட் விண்ணப்பம் எழுதித் தருகிறவர் அந்தப் பெண்.

“ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கோணும்னு கை சொல்லுமுங்க அம்மணி.”

“உங்க கையைக் கழட்டி விண்ணப்பத்தோட அனுப்ப முடியுங்களா? படிக்கிற மெக்கானிக் எழுதுனதை வெச்சே செஞ்சு பாக்கோணுமுங்க. அப்பத்தான் பேட்டன்ட் குடுப்பாங்க.”

“எல்லாத்தையும் எழுதிட்டா ஊரே செஞ்சுக்குமேங்க!”

“பேட்டன்ட் வந்துட்டா உங்களைக் கேக்காம யாரும் செய்ய முடியாதுங்க. மறைச்சீங்கன்னா பேட்டன்ட்டே வராதுங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அவள் காதருகே ஏதோ முணுமுணுத்தார்.

“அட, இவ்வளவுதானுங்களா! அப்படியே எழுதிரலாமுங்க. இனி எந்த மெக்கானிக் படிச்சாலும் செஞ்சுருவாரு” என்று அவள் சிரித்தாள்.

என் பக்கத்து சீட்டில், சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு மெக்கானிக் அதுவரை கண்ணை மூடியிருந்தார். மெதுவாகத் திரும்பினார்.

“ஏனுங்க, கடைசியாச் சொன்னது மட்டும் இங்க கேக்கலீங்க.”