ஷிபுவுக்குக் கலக்கிய மருந்து

காலையில் மருந்துக்கடையைத் திறந்ததும் நான் முதலில் தண்ணீர் கொதிக்க வைப்பேன். அது ஆறுவதற்குள் கண்ணாடி அலமாரியைத் துடைப்பேன். அளவுக் குப்பிகளைக் கழுவிக் கவிழ்ப்பேன். பிறகு கடைக்காரி எலிசாக்கா வருவாள். மகன் ஷிபுவை எல்.கே.ஜி. வேனில் ஏற்றிவிட்டு, வழியில் இரண்டு சாயா வாங்கிக்கொண்டு வருவாள். ஒன்று எனக்கு. நான் மறுத்ததில்லை.

தண்ணீர் எதற்கு என்று கேட்டீர்கள், சார். குழந்தைகளுக்கு. 2009இல் பன்றிக்காய்ச்சல் மருந்து எங்கள் கடைக்குப் பெரியவர்களுக்கான கேப்சூலாகத்தான் வந்தது. குழந்தைகளுக்கான சிரப் வரவில்லை. கேப்சூலைத் திறந்து, பொடியை ஆறிய தண்ணீரும் சர்க்கரைப்பாகும் விட்டுக் கலந்து, குழந்தையின் எடைக்கேற்ற அளவைப் பாட்டிலின் மேல் எழுதித் தர வேண்டும். எவ்வளவு பாகு சேர்த்தாலும் கசக்கும். குழந்தைகள் துப்பும். கிழக்கேகோட்டையில் எனக்குத் தெரிந்து அந்த மருந்து வைக்க லைசென்ஸ் எடுத்த கடை எலிசாக்காவுடையது ஒன்றுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. கலக்குவது என் வேலை. நான் பி.பார்ம். படித்தவன். வேறு எந்தக் குழந்தையின் மருந்திலும் நான் தவறு செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் நான் மெடிக்கல் ரெப். ரெப் வீட்டில் மருந்து வாங்கமாட்டார்கள். பையில் சாம்பிள் இருக்கும். என் மனைவி கௌசல்யா திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் சிரிப்பாள். "நம்ம வீட்ல உப்புக்கும் புளிக்கும் மட்டுந்தான் சாம்பிள் இல்ல," என்பாள். ரெப் ஓ.பி. வரிசையிலும் நிற்கமாட்டான். டாக்டர் அறை வாசலில் டையோடு நின்று பழகியவன், அதே வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டோக்கனோடு நிற்பது எளிதல்ல. நீங்களும் உத்தியோகத்தில் இருப்பவர். புரியும்.

முதலில் மகள் சுப்ரியாவுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்து கௌசல்யாவுக்கு. கையிலிருந்த ஆன்டிபயாட்டிக் சாம்பிளை இருவருக்கும் கொடுத்தேன். காலாவதியாகாத, நல்ல சாம்பிள். காய்ச்சல் இறங்கவில்லை. இருவருக்கும் மூச்சு வாங்கத் தொடங்கியபோது எலிசாக்காவின் கடைக்குப் போனேன். ஆர்டர் எடுக்க மாதாமாதம் போகும் கடை. அன்று கூட்டமாக இருந்தது. தன்னைவிட இளையவர் யாரானாலும் எலிசாக்காவுக்கு 'மக்களே'தான்.

"சீட்டு எங்க, மக்களே?"

"சீட்டு இல்லக்கா. வீட்டுக்குத்தான். மோளுக்கும் அவளுக்கும்."

"ஆருக்கானாலும் சீட்டில்லாம தரப்பிடாது, கேட்டியா? பிள்ளைக்கு எவ்வளவுன்னு டாக்டரு பாக்கண்டாமா?"

"அளவு எனக்குத் தெரியும்."

"ஓ, தெரியும்! ஊருல உள்ள டாக்டருக்கெல்லாம் பேனாவும் காலண்டரும் குடுக்குற ரெப் சாருக்கு, ஒரு சீட்டு எழுதித் தர ஒரு டாக்டரு இல்லியோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளாட்டில்ல, மக்களே. ரெண்டு பேரையும் ஆட்டோல ஏத்திட்டு ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. அங்க சும்மா குடுக்காவ," என்றாள். அதை நான் சரியாகக் கேட்கவில்லை. சிரிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது.

கௌசல்யா வீட்டிலேயே இறந்தாள். விடிந்த பிறகு சுப்ரியா. கௌசல்யா கடைசியாகச் சொன்னதை நேற்றே உங்களிடம் சொன்னேன். "அவ பெத்ததும் இப்பிடித் துடிக்கட்டும்." இறந்தவள் கேட்டதைச் செய்வது கணவனின் கடமை என்றும் சொன்னேன்.

துக்கம் கேட்க எலிசாக்கா வந்தாள். என் சொந்தக்காரர்களைவிட அதிகமாக அழுதாள். "நான் அன்னைக்குத் தந்திருக்கலாமோ, மக்களே," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் வேலைக்குப் போகாமல் கிடப்பதைக் கேள்விப்பட்டு மறுபடியும் வந்தாள். அவள் கணவன் மஸ்கட்டில் இருந்தான். கடைக்கு ஒரு ஃபார்மசிஸ்ட் தேவைப்பட்டது. இப்படித்தான் அங்கே சேர்ந்தேன். நானாகக் கேட்கவில்லை.

காத்திருப்பது கஷ்டமாக இல்லை. காய்ச்சல் எல்லா வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. மதியம் வேன் ஷிபுவைக் கடை வாசலில் இறக்கிவிடும். அவன் நேராக எடை மெஷினில் ஏறி நிற்பான். "தாணு மாமா, ஞான் எத்ர கிலோ?" என்பான். நான் பார்த்துச் சொல்வேன். எடை தெரிந்திருப்பது நல்லது.

அவனுக்கும் வந்தது. எலிசாக்கா அவனை டாக்டரிடம் காட்டி, முறையாகச் சீட்டு வாங்கி வந்தாள். சொந்தக் கடையாக இருந்தும் சீட்டை என் முன்னால் வைத்தாள். "நீயே கலக்கித் தா, மக்களே. உனக்க கைதான் சுத்தம்," என்றாள்.

தண்ணீர் ஆறியிருந்தது. சர்க்கரைப்பாகு காய்ச்சினேன். எலுமிச்சை எசென்ஸ் இரண்டு சொட்டு விட்டேன். நன்றாகக் குலுக்கி, பாட்டிலில் அளவை எழுதி, மூடியை இறுக்கிக் கொடுத்தேன். கேப்சூல்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் போன் செய்தாள். "துப்பவே இல்ல, மக்களே. இனிப்பா இருக்காம். இன்னும் தாம்மா, இன்னும் தாம்மாங்கான்." இத்தனை குழந்தைகளின் தாய்மார் அந்த மருந்தைத் திட்டியதை அவள் கேட்டிருக்கிறாள். இருந்தும் அவளுக்குத் தோன்றவில்லை. என் கைப்பக்குவம் என்று நினைத்திருப்பாள்.

அதன் பிறகு ஒருமுறை கூப்பிட்டாள். "சூடு கொறயல்லியே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டா?"

"மருந்து பிடிக்க நேரமாகும்க்கா. பொறுங்க," என்றேன்.

பொறுத்தாள். மருந்து விஷயத்தில் அவள் என்னை நம்பினாள்.

சர்ச் கல்லறையில் ஷிபுவின் அடக்கம் முடிந்து, அவள் மீண்டும் கடைக்கு வந்த முதல் நாளில், சாயா வாங்கி வரவில்லை. நான் கேப்சூல்களை எடுத்து அவள் முன்னால் வரிசையாக வைத்தேன்.

"இது ஆருக்குள்ளது, மக்களே?"

"ஷிபுவுக்குள்ளது," என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு கேப்சூலை எடுத்து உடைத்து, பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசந்திருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். போலீஸுக்குப் போன் செய்தது நான்தான். ஷட்டரையும் நானே இறக்கினேன்.

கொன்றேன். அதில் மாற்றமில்லை. ஆனால் நேற்று நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது, சார். அந்தச் சாபம் கௌசல்யாவுடையது அல்ல. அவளுக்கு யாரையும் சபிக்கத் தெரியாது. அன்று கடையில் நடந்ததை அவளிடம் சொன்னேன். பேனா, காலண்டர், சிரிப்பு எல்லாவற்றையும். அவளும் என்னோடு சேர்ந்து கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சுப்ரியாவின் பாதத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு சாம்பிளை உடைத்துக் கொடுத்து, "மருந்து பிடிக்க நேரமாகும், பொறு," என்றேன். அவள் விழுங்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினாள். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"அந்தக்கா சரியாத்தான சொல்லியிருக்காவ. நான் கெடக்கேன். பிள்ளைய மட்டுமாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."