கூழைக்கடா பேசாது

தேநீரில் பால் போதுமா பாருங்கள். நான் எப்போதும் கொஞ்சம் குறைத்தே ஊற்றுவேன்; வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், ஊற்றியதை எடுக்க முடியாது. லாமிங்டன் கேக் கடையில் வாங்கியதுதான், ஆனால் நேற்றையது அல்ல.

நீங்கள் வாசலில் நின்றபடியே கேட்டது ஒரே ஒரு கேள்வி. உங்கள் அப்பா மெர்வ் கிளியரி, அந்தச் சிறுமியை மஞ்சள் குறியின் மேல் நிறுத்தினாரா, இல்லையா. ஆகஸ்டில் அவர் இறந்தபோது உள்ளூர்ப் பத்திரிகை போட்ட நான்கு வரியில் மூன்று வரி அவளைப் பற்றித்தான் என்று சொன்னீர்கள். பிறகு இதையும் சொன்னீர்கள்:

"கடைசி ரெண்டு வருஷமா அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு, மிஸ்டர் ஹார்க்ரேவ். சமையலறைத் தரையில டேப் ஒட்டி வச்சு, கண்ணாடியக் கழட்டிட்டு, அதுமேல நின்னு நின்னு பாப்பாரு. நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

தெரியும். பதில் ஒரு சொல்தான். ஆனால் அதை மட்டும் சொல்லி அனுப்பினால் என்னைத் தவறாக நினைப்பீர்கள். ஆகவே முறையாகச் சொல்கிறேன்.

'மெர்வின் கூத்து நேரம்' எண்பத்து மூன்றில், நியூகாசில் தொலைக்காட்சியில், வியாழக்கிழமைதோறும் நாலரை மணிக்கு, ஏழே வாரம் ஓடியது. ஒரு விபத்தால் நின்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரசனை என்று ஒன்று அந்த ஊரில் இருந்திருந்தால் முதல் வாரமே நின்றிருக்கும். உங்கள் அப்பா கிளப்புகளில் பியர் குடிப்பவர்களுக்கு முன்னால் ஜோக் சொல்லிப் பிழைத்தவர். அதே ஜோக்குகளில் மாமியாரை எடுத்துவிட்டு வாத்தியாரைப் போட்டுக் குழந்தைகளுக்குச் சொன்னார். பாதி ஜோக் குசுவைப் பற்றியது. மீதிப் பாதிக்குக் குசுச் சத்தம் மட்டும் போடுவார். சொல்லி முடிப்பதற்குள் தானே முதல் ஆளாகச் சிரித்துவிடுவார். குழந்தைகள் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார்கள். குழந்தைகளுக்கு என்ன தெரியும்? ரப்பர் பாம்பைக் கண்டாலும் சிரிப்பார்கள்.

நான் பதினொரு வருடம் மேடையில் நடித்தவன். மூன்று அரசர்கள், ஒரு கர்தினால். எழுநூறு பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசைக்கு ஒலிபெருக்கி இல்லாமல் போன குரல் இது. வேலை இல்லாத ஒரு குளிர்காலத்தில் இந்த நிலையம் கூப்பிட்டது, போனேன். கூழைக்கடா உடைக்குள் என்னைப் போட்டார்கள்.

முதல் நாளே உங்கள் அப்பா ஒரு விதி போட்டார். "பறவ பேசாது, லயனல். நீ வாயத் தொறந்தா உள்ள எவனோ ஒரு ஆளு இருக்கான்னு பசங்க கண்டுபிடிச்சிருவாங்க. இடியே விழுந்தாலும் பசங்க முன்னாடி ஒரு சத்தம் வரக்கூடாது. சரியா, தலைவா?" சரி என்றேன். எனக்கு ஒழுங்கு உண்டு.

அந்த உடையில் கண்ணுக்குத் துளை கிடையாது. அலகுக்குக் கீழே தொங்கும் பையில் ஒரு வலைத்துண்டு. அதன் வழியாகத் தரை மட்டும் தெரியும். ஆட்களைக் காலணியை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். உங்கள் அப்பாவுக்குச் சிவப்புப் பூட்ஸ். தள மேலாளர் பெவ்வுக்குச் சாம்பல் நிறக் கேன்வாஸ். தரையில் ஒட்டிய டேப்தான் எல்லோருக்கும் வழிகாட்டி: எனக்கு நீலம், மெர்வுக்கு மஞ்சள். கண்ணாடி இல்லாமல் பத்தடி தள்ளி இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. காட்சிக்காகக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஆக, அந்த ஸ்டூடியோவில் தரையைப் பார்த்தே நடந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

ஒவ்வொரு வாரமும் முடிவு ஒன்றுதான். அவர் மஞ்சள் குறியில் நிற்பார். எழுபது குழந்தைகளும் ஐந்திலிருந்து ஒன்று வரை இறங்கி எண்ணுவார்கள். மேலே விளக்குக் கம்பியிலிருந்து, ஈர மணல் நிரப்பிய தகர வாளி ஒன்று அவருக்கு இரண்டடி தள்ளித் தொம்மென்று விழும். தப்பித்துவிட்டதாக அவர் இடுப்பை ஆட்டுவார். உடனே கஸ்டர்ட் ஒரு வாளி அவர் தலையில் கொட்டும். மணலுக்குப் பதில் பஞ்சு வைக்கலாம் என்று பெவ் சொல்லிப் பார்த்தாள். "சத்தம் பொய்னா பசங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும், பெவ்" என்றார் உங்கள் அப்பா. மணல் அவருடைய யோசனை. இதை நீங்கள் மறக்கக் கூடாது.

ஆறாவது வாரம் அவர் என்ன செய்தார் என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஒரு ஜோக் எடுபடவில்லை. எழுபது பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பி, கூழைக்கடாவின் தலையைப் பிடுங்கி எடுத்தார். "பாருங்கடா, இவரு ராஜா வேஷமெல்லாம் கட்டினவரு. இப்ப மீனுக்கு அலையறாரு." வேர்த்து வழிந்த என் வழுக்கையை ஒரு கேமரா நெருக்கத்தில் காட்டியது. அந்த ஏழு வாரத்தில் அதுதான் மிகப் பெரிய சிரிப்பு. பிறகு ஒப்பனை அறைக்கு வந்து, "மன்னிச்சுக்க லயனல், பயந்துட்டேன். அமைதி வந்தா எனக்குக் கை கால் ஓடாது" என்றார். ஒரு பியரும் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

அதற்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி அல்ல. தன் விதியைத் தானே மீறும் ஒருவரிடம் குழந்தைகளை விட்டுவைக்க முடியாது என்று அன்று எனக்குப் புரிந்தது, அவ்வளவுதான். யாராவது ஒருவர் அந்த நிகழ்ச்சியை நிறுத்த வேண்டியிருந்தது.

எங்கள் நிலையத்தில் மூன்று மணிக்கு மணி அடித்தால் தொழிற்சங்க விதிப்படி இருபது நிமிடம் தேநீர் இடைவேளை. கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். வாளி, கயிறு, குறி எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அதற்கு முன்பே முடிந்துவிடும். திரும்பி வந்தபின் யாரும் மறுபடி பார்ப்பதில்லை. உடையைக் கழற்றி மாட்டவே இருபது நிமிடம் ஆகும் என்பதால் நான் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஸ்ட்ரா போட்டுத் தேநீர் கொண்டுவந்து கொடுக்கும் ஒரே ஆள் உங்கள் அப்பா. ஏழாவது வாரமும் கொண்டுவந்தார். அவர் போனதும் நான் சிறகைக் கழற்றி வைத்து, மண்டியிட்டு, மஞ்சள் டேப்பை உரித்து, இரண்டடி தள்ளி, வாளி விழும் இடத்தில் ஒட்டினேன். மண்டியிடுவது எளிது, அந்த வயிற்றோடு எழுந்திருக்க வெகுநேரம் பிடித்தது.

கணக்கு நிதானமாகத்தான் போட்டேன். அவர் பெரிய ஆள், தோளில் சதை உண்டு. வாளி தோளில் படும், ஒரு மாதம் படுக்கை, அதற்குள் நிகழ்ச்சியை மூடிவிடுவார்கள். மேலே பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. விளக்குகளில் கண் கூசும். கயிறு இழுப்பவருக்குத் திரைக்குப் பின்னாலிருந்து பெவ்வின் கை மட்டும் தெரியும். பெவ்வுக்குக் குறிதான் கணக்கு. குறியில் ஆள் நின்றால் அவள் கையைக் கீழே இறக்குவாள்.

ஜோடி பாஸ்கோ என்ற அந்தச் சிறுமிக்கு அன்று எட்டாவது பிறந்தநாள். எதற்கோ அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அவர் குரல்தான் கேட்டது. "பெவ், ஒரு நிமிஷம் விடு. இன்னிக்கு இவ பொறந்தநாளு." குழந்தைகளைப் பெஞ்சிலிருந்து இறக்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி. மீறினார். "வா கண்ணு. இன்னிக்கு நீதான் மெர்வ். இந்த மஞ்சக் குறி தெரியுதா? அதுமேல நில்லு. வாளி அங்க விழும், கஸ்டர்ட் என் மண்டைல. இதுமேல நின்னா ஒண்ணும் ஆகாது. ஆறு வாரமா நான் நிக்கிறேனே."

வலைக்குள் இரண்டு கறுப்புக் காலணிகள் வந்தன. ஒன்றின் வார் அவிழ்ந்திருந்தது. மிகச் சரியாகக் குறியின் நடுவில் வந்து நின்றன. சிவப்புப் பூட்ஸ் ஒரு எட்டு பின்னால் போனது.

இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். ஆமாம், குறியின் மேல்தான் நிறுத்தினார்.

குழந்தைகள் எண்ணத் தொடங்கினார்கள். ஐந்து எண்ணி முடிப்பதற்குள் ஒரு மனிதன் எவ்வளவோ சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. நான்கில் நினைத்தேன், மூன்றிலும் நினைத்தேன். ஆனால் பறவை பேசாது. அது உங்கள் அப்பா போட்ட விதி, அவர்தான் மீறினார், நான் ஒருநாளும் மீறியதில்லை. நிம்மதியான மனத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

வாளி விழுந்ததும் முதலில் ஓடியது நான்தான். சிறகால் அவளை மூடிக்கொண்டேன், மற்ற குழந்தைகள் பார்க்காமல் இருக்க. மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான். மஞ்சள் டேப் என் பாதத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு என்னோடு வெளியே வந்துவிட்டது. விசாரணையில் தரைப்படத்தை விரித்துவைத்து, சிறுமி குறியில் நின்றாளா என்று கேட்டார்கள். குறி இருக்க வேண்டிய இடத்தில் அவள் நிற்கவில்லை என்றேன். அது பொய் அல்ல. உங்கள் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "லயனல் சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குக் கண்ணு தெரியாது" என்றார். அந்த மனிதருக்கு எதையும் கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியாது.

ஜோடி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். ஐம்பதை நெருங்குகிறாள். அவள் அம்மா எனக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அட்டை அனுப்புகிறாள். உங்கள் அப்பாவுக்கு அனுப்பியதில்லை என்று நினைக்கிறேன்.

எழுதிக்கொள்வதானால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள். அடுத்த வருடமே நிலையம் கூழைக்கடாவுக்கென்று தனி நிகழ்ச்சி கொடுத்தது, அதில் பேசவும் விட்டார்கள். ஐந்து வருடம் ஓடியது. அத்தனை வருடத்தில் என் ஸ்டூடியோவில் ஒரு குழந்தைக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று உங்கள் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.