கிளவுடில் பத்திரமாக இருக்கிறது

வளைகுடா நாடுகளில் கம்ப்யூட்டரின் பாஷையை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே தமிழன் நான்தான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். ஷார்ஜா முவைலாவில் எங்கள் அறையில் யாரும் இதை மறுத்ததில்லை. அறையில் லேப்டாப் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் பழையதாக வாங்கியது. ஆன் செய்துவிட்டுக் குளித்து, துணி காயப்போட்டு வந்தால் வணக்கம் சொல்லும். 'ஹேங்' என்றால் தொங்குவது. என்னுடையது தொங்கவில்லை, சமாதி ஆகியிருந்தது.

பக்கத்துக் கட்டில் பாண்டித்துரை அண்ணன், ஏசி மெக்கானிக். ஊரில் மகள் பிறந்ததிலிருந்து மனைவி ஜோதிமணி அனுப்பிய வீடியோக்களை என் லேப்டாப்பில்தான் போட்டு வைத்திருந்தார். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, போனைப் பார்த்து முதல்முறையாக "அப்பா" என்றது. தன் போனில் இடமில்லாமல் அழித்துவிட்டார். அழிக்கச் சொன்னது நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை லேப்டாப் அப்டேட் கேட்டது. செய்தால் வேகம் வருமாம். ஆனால் இடம் போதாதாம். என்னிடம் நிறைய சினிமா இருந்தது, பாதிகூட இன்னும் பார்க்கவில்லை. பார்த்து முடித்ததை அழிப்பதுதானே நியாயம்? அண்ணனின் வீடியோக்களை அறையில் எல்லோரும் பலமுறை பார்த்து முடித்திருந்தோம். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அப்டேட் பாதியில் நின்றது. 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்றது. எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது, குழந்தையைத் தவிர.

அடுத்த வாரம் ஜோதிமணி அக்காவின் போன் பஸ்ஸில் தொலைந்தது.

"அழுதுக்கிட்டே கெடக்காடா. நம்மகிட்ட இருக்குல்ல, அனுப்பி விடு" என்றார் அண்ணன்.

"கிளவுடுல பத்திரமா இருக்குண்ணே."

அண்ணன் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஒரு பஞ்சு கூட இல்லியேடா. இந்த ஊரு வானத்த நம்பியா எம்புள்ளைய ஏத்திவிட்ட?"

அறையே சிரித்தது. நான் கூடுதலாகச் சிரித்தேன். கிளவுடு வேறு, மேகம் வேறு என்று விளக்கினேன். சர்வர், சிங்க், பேக்கப் என்று அடுக்கினேன். தலையாட்டிக் கேட்டார். ஆனாலும் தினமும் டியூட்டிக்குப் போகும்போது அண்ணாந்து பார்த்து, "மாஃபி தம்பி, இன்னைக்கும் ஒண்ணுமில்ல" என்பார். ஆபீசில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

நேற்று மாலை ஷார்ஜா வானமே கறுத்தது. அண்ணன் வாசலிலிருந்தே கத்தினார். "யல்லா, இன்ஜினியரு! சரக்கு வந்து நிக்குது. இன்னைக்கு எறக்கிடலாம்ல?"

கிண்டல்தான். ஆனால் கையில் புது பென் டிரைவ் இருந்தது.

அழித்தது நான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், கலாஸ், முடிந்தது.

அவர் குளிக்கப் போனதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். சிக்னலுக்காகத்தான். திறந்து இரண்டு கைகளிலும் ஏந்தியபடி அண்ணாந்து நின்றேன். முதல் துளி கீபோர்டில் விழுந்தது. நான் மூடவில்லை.