ஆசாரி முகத்தில் விழுந்த வெளிச்சம்

காரைக்குடி பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஓர் அம்மா, சினிமாவில் லைட்மேனாக இருந்ததாகச் சொன்ன பக்கத்துப் பெரியவரிடம் கேட்டார்: "பள்ளத்தூர் ஷூட்டிங்ல ஆசாரி ஒருத்தர் மூஞ்சிக்கு லைட் அடிச்சீகளே, நெனவிருக்கா? அவுக எங்க வீட்டுக்காரரு."

"கல்யாண சீன்ல நின்னாகளே, அவுகளா! நேரா லைட் அடிச்சா கண்ணு கூசுச்சும்மா. அதான் லைட்டைத் திருப்பி, தெர்மாகோல் அட்டையில அடிச்சேன். வெளிச்சம் மெத்துனு மொகத்துல விழுந்துச்சு. நல்லா இருக்காகளா?"

"போன வருசம் தவறிட்டாக. போட்டோவுக்குச் சிரிக்கவே மாட்டாக. அந்தப் படத்துல மட்டுந்தான் சிரிச்ச மொகமா இருக்காக. எப்படிச் சிரிக்க வச்சீக?"

"'ஒங்க வீட்டம்மா இந்தப் படத்தப் பாப்பாகள்ல'ன்னேன். அம்புட்டுத்தான்."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கண்டக்டர் சொல்லியும் எழுந்திருக்கவில்லை.