சேலைக்குச் சுவரோரம்

தீபாவளி நெருங்கிய ஒரு மாலை, சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னார்:

“அந்த ஜவுளிக்கடையில கார் நிறுத்தணும்னா, என்ன வாங்கப் போறோம்னு முதல்ல சொல்லணும்.”

“யார்கிட்டக்கா?”

“காருங்களுக்கு இடம் காட்ட ஒரு ஜாகா நிக்கிறார்லா, அவர்கிட்ட. கடைக்குப் பின்னால சின்ன இடம், ஒண்ணு பின்னால ஒண்ணாத்தான் நிறுத்தணும். வேட்டி எடுக்க வந்தா வாசலோரம். பட்டுச்சேலைன்னா உள்ளே சுவரோரம். சீக்கிரம் கிளம்புறவங்களை யாரும் மறிக்க மாட்டாங்க. ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேக்காது.”

“என்ன மூளைக்கா!”

“கேளு. நேத்து எங்கண்ணன் கார்ல போனோம். ‘ரவிக்கைத் துணிதான், பத்து நிமிஷத்துல வந்துடுவோம்’னு அண்ணன் சொன்னாரு. ஜாகா குனிஞ்சு பின்சீட்டைப் பார்த்தார். எங்க மாமியார் உட்கார்ந்திருந்தாங்க. சுவரோரம் கையைக் காட்டிட்டார்.”

“ஐயோ! அண்ணனுக்குக் கோவம் வரலையா?”

பஸ் வந்தது. அவர்களும் ஏறவில்லை, நானும் ஏறவில்லை.

“வந்துச்சு. ஆனா நாங்க வெளியே வந்தப்போ, அந்த இடத்துல எங்க கார் ஒண்ணுதான் நின்னுச்சு.”