ஐந்தாம் மாதத்தில் வளைகாப்பு

"வளைகாப்பை இந்த மாசமே வச்சிரும்மா" என்று ஒரு கர்ப்பிணி சொன்னது பேருந்தின் முன்னிருக்கையிலிருந்து கேட்டது. தாயும் மகளும் உத்தமபாளையத்தில் கர்ப்பகாலப் பரிசோதனையை முடித்துக்கொண்டு ஏறியவர்கள். தாய் கம்பம் செல்பவர். மகள் வழியில் அனுமந்தன்பட்டியில், கணவன் வீட்டுக்கு இறங்க வேண்டியவள்.

"அஞ்சாம் மாசத்துல எவடி வளையல் போடுவா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வளையல் போட்டாத்தான நம்ம வீட்டுக்கு அனுப்புவாக?"

"மாப்பிள்ளை அடிச்சாகளா?"

"இல்லம்மா. அவுககூட கேரளாவுக்கு லாரி ஓட்டுற அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருக்காம். அந்த அண்ணன் போற எடத்துக்கெல்லாம் நானும் போயிருக்கேன்னு உன் மாப்பிள்ளையே சொல்லி அழுதாக."

"உனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு டெஸ்டுல வந்துருச்சே!"

"அதையேதான் அவுகளும் சொல்றாக. 'உனக்கு இல்லன்னா எனக்கும் இல்ல'ன்னு டெஸ்டுக்கே வர மாட்டேங்குறாக. அப்படிக் கெடையாதுன்னு நர்ஸம்மா சொல்றாக. இனிமே எனக்கு ஒட்டுனாலும் பிள்ளைக்குப் போயிரலாமாம். நர்ஸம்மா குடுத்த காண்டத்தையும் இவுக தூக்கி எறிஞ்சுட்டாகம்மா. இன்னைக்குச் சாயங்காலம் லோடு எறக்கிட்டு வந்துருவாக."

தாய் சன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல்களைப் பார்த்தார்.

"அனுமந்தன்பட்டி எறங்குறவுக வாங்க!" என்றார் நடத்துநர். மகள் எழுந்தாள்.

"உக்காரு ஆத்தா. வளையல ஏழாம் மாசமே போடுவோம். நீ இப்பவே என்கூட வா."

"அவுக கூப்பிட வந்தா?"

"டெஸ்ட் எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளைன்னு நானே சொல்றேன்."

பேருந்து நகர்ந்தது. மகள் கம்பியைப் பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.