பச்சை விளக்கு

இல்ல அர்வோ, அன்னிக்கு ஒருத்தர்கூடக் குறையல. வாசல் மேஜையில ஓஸ்மோ, அவனுக்குப் பின்னால மார்கெத்தா, கண்ணாடித் தடுப்புக்குள்ள மேலாளர் பெத்ரி, இந்த மூலையில நான், இப்ப நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில ஹில்க்கா. ஏரி பாளமா உறைஞ்சு கெடக்கு. கரண்டு பில் ஏறிடுச்சுன்னு ஊரே போன் பண்ணி நம்மளத் திட்டுது. அந்தக் குளிர்லயும் முழு வருகை.

தோள ஏன் அப்படித் தேய்ச்சுக்கிறீங்க? ராத்திரி கோணலாப் படுத்துட்டீங்களா? ம். ஹில்க்காவும் அதத்தான் சொன்னா.

உக்காந்தே இருங்க, காலை ஒன்பது மணிப் பாட்டு போட இன்னும் நேரம் இருக்கு. அந்தப் பச்சை விளக்கப் பத்தித்தானே கேட்டீங்க? உடம்பப் பேணுற ஆபீஸ்னு நமக்குப் பேரு. திங்கக்கிழமை பழக்கூடை வரும், நீச்சல் குளத்துக்குச் சீட்டு தருவாங்க, பாட்டுப் போட்டா எல்லாரும் எழுந்து கையக் கால நீட்டுவோம். அத நான் குறை சொல்லமாட்டேன். என் முதுகுவலி அதுலதான் போச்சு. அப்புறம் மேலிடத்துல யாருக்கோ மூளை வேலை செஞ்சுது. ஒருத்தரும் உடம்பு சரியில்லைன்னு லீவு போடாத பிரிவுக்குப் பச்சை விளக்கு. ஒருத்தர் படுத்தாலும் அணைஞ்சிடும். கிறிஸ்துமஸ் வரைக்கும் அணையாம இருந்தா ஏரிக்கரையில சவுனா நீராவிக் குளியல், விருந்து. லீவு போட்டா சம்பளத்துல கை வைக்கமாட்டாங்க, சட்டம் விடாது. வெச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. அடுத்த நாள் வந்து மத்தவங்க மூஞ்சியப் பாக்கணுமே, அதுதான் ஆகாது.

இந்த ஓஸ்மோ இருக்கானே, யாராவது தும்மினாப் போதும், ஓடிப்போய் விளக்கக் கையால மறைச்சுக்குவான். ஊதி அணைச்சுடாதீங்கம்மான்னு கெஞ்சுவான். நாங்க சிரிப்போம், ஹில்க்காவும் சிரிப்பா. வேலை பிடிச்சுதான்னு கேட்டு வாசல்ல மூஞ்சிப் பொத்தான் வெச்சிருக்காங்களே, அதுலயும் தினம் சிரிக்கிற மூஞ்சியத்தான் அமுக்குவோம். எல்லாக் கிளையிலயும் மனநிறைவுல நாமதான் முதல்.

அன்னிக்கு ஹில்க்கா மூஞ்சி சாம்பல் பூத்திருந்தது. வீட்டுக்குப் போடின்னு மார்கெத்தா சொன்னா. இவ விளக்கப் பாத்தா. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தானேன்னா.

பாட்டு வந்தது. அவ இடம் அந்த ஜன்னலோரம். ஆமா, நேத்து நீங்க போய் நின்னதும் கையப் பிடிச்சு இழுத்தேனே, அங்கதான். குளிர்காத்து வரும்னு நான் சொன்னது பொய். மூணு கண்ணாடி போட்ட ஜன்னல்ல ஏது காத்து?

ரெண்டு கையும் மேலன்னு பாட்டுல வரும்ல, அவளுக்கு இடது கை வரல. அரைச் சம்பளம்தான் உனக்குன்னான் ஓஸ்மோ. சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அப்படியே சரிஞ்சா. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போயிட்டா. பாட்டை நிறுத்த யாருக்கும் தோணல, அது பாட்டுக்குக் குனிங்க, நிமிருங்கன்னு சொல்லிட்டே இருந்தது.

இப்பவும் கையத் தூக்குறப்ப அந்தப் பக்கம் பாக்கமாட்டேன். குளிர்காலத்துல காலை ஒன்பதுக்கும் வெளியில இருட்டு, கண்ணாடியில நம்ம கை எல்லாம் தெரியும். எத்தனைன்னு எண்ணிப் பாக்க எனக்கு மனசில்ல.

விளக்கா? அன்னிக்குச் சாயங்காலமும் பச்சையாத்தான் எரிஞ்சுது. எப்படி அணையும்? அவ லீவு போடலையே. வந்திருந்தாளே. ஏரிக்கரைக்கும் போனோம். அவ பேர் தைச்ச துண்டு ஒண்ணு மடிச்சபடி பெஞ்சுமேல இருந்தது.

எங்க, உங்க இடது கையத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். அதுக்குமேல வரலையா?

ம்.

பாட்டு ஆரம்பிச்சாச்சு. எந்திரிக்கிறீங்களா? கோட்டு அந்தப் பக்கம் மாட்டியிருக்கு. வண்டிய நீங்க ஓட்டாதீங்க. மார்கெத்தா, கூடப் போ, நேரா ஆஸ்பத்திரி. பெத்ரி, பாட்டை நிறுத்துங்க. அர்வோ வாசல்ல அந்த மூஞ்சிப் பொத்தானக்கூடத் தொடாம போறாரு, போகட்டும்.

ஓஸ்மோ, விளக்குமேல இருந்து கைய எடு. அணையட்டும்.